வங்கி இல்லாத ஊருக்குப் பணம் போன கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஹவாலா என்றாலே நமக்குக் கறுப்புப் பணம்தான் ஞாபகம் வரும். நம் நாட்டில் அது சட்டவிரோதம். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் வங்கியே இல்லாத நாட்டில் ஜனங்கள் என்னதான் செய்வாங்க? சோமாலியாவைப் பார்ப்போம்.

1991-ல் சியாத் பர்ரே ஆட்சி கவிழ்ந்தது. அதோடு வங்கிகளும் போயின. போருக்குத் தப்பி அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் போய்ச் சேர்ந்த மகன், ஊரிலுள்ள தாய்க்கு எப்படிப் பணம் அனுப்புவது? அங்குள்ள ஏஜெண்டிடம் 100 டாலரும் கமிஷனும் கட்டுவான். அவர் மொகதிஷுவிலுள்ள கூட்டாளிக்குத் தகவல் சொல்வார். அந்த அம்மா யார், எந்தக் குலம் என்று விசாரித்து, கூட்டாளி தன் கையிருப்பிலிருந்தே கொடுத்துவிடுவார். நோட்டு கடல் தாண்டவே இல்லை, பாருங்கள்! இருவரும் பிற்பாடு கணக்கை நேர் செய்துகொள்வார்கள். துபாயில் வாங்கும் சரக்கும் அதற்கு உதவும். பர்மாவிலும் மலாயாவிலும் நம் நகரத்தார் எழுதிய உண்டியலும் இப்படி நாணயத்தை நம்பி நடந்ததுதானே?

2001 நவம்பரில், பயங்கரவாதத்துக்கு உதவுவதாகச் சொல்லி அல் பரக்காத் என்ற பெரிய நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது. எஃப்.பி.ஐ. விசாரணையில் அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று, செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணையத்தின் அலுவலர்கள் 2004-ல் எழுதினார்கள். அதற்குள் நிறுவனம் போயே போச்சு. 2013-ல் பார்க்ளேஸ் வங்கி இத்தகைய நிறுவனங்கள் பலவற்றின் கணக்குகளை மூட முனைந்தது. தஹப்ஷீல் என்ற நிறுவனம் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது.

இன்று அங்கே வங்கிகள் மீண்டும் வந்துவிட்டன. செல்போனிலும் பணம் போகிறது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

திருடனும் இதே வழியில் வரலாம், மறுக்கவில்லை. உரிமம் கேளுங்கள், கணக்கைத் தணிக்கை செய்யுங்கள். மாணவர்களே, நாளை உங்களில் சிலர் வங்கி அதிகாரி ஆவீர்கள். ஒரு வழியை அடைக்கும் முன், மறுமுனையில் காத்திருக்கும் தாய்க்கு வேறு வழி உண்டா என்று ஒருமுறை கேளுங்கள்.