நாற்பது வயதுக் கட்டடத்தில் ஒரு வீடு



சென்னையில் கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர், நங்கநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும், 1980களில் கட்டிய அடுக்கு வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி, லிப்ட் கிடையாது, வாசலில் ஒரு வேப்பமரம், படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக மீட்டர் பெட்டிகள். இந்தத் தெருக்களுக்கு இப்போது கட்டுமான நிறுவனத்துக்காரர்கள் அடிக்கடி வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மொத்தக் கட்டடமும். கூடவே இன்னொரு கூட்டமும் வருகிறது. புது ஃப்ளாட் கைக்கு எட்டவில்லை, பழையதை வாங்கிச் சரிசெய்து குடிபோய்விடலாம் என்று கணக்குப் போடும் குடும்பங்கள். அந்தக் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

கட்டுமான நிறுவனங்கள் ஏன் இப்படி அலைகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு வாங்குகிறவருக்கும் அந்தக் கணக்கு அவசியம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. நான்கு கிரவுண்டு மனை என்றால் 9,600 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு ஒன்றரையாக இருந்த காலத்தில், அந்த மனையில் 14,400 சதுர அடி கட்டலாம். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரண உயரமுள்ள கட்டடங்களுக்கு அதை 2 ஆக உயர்த்தின. அதே மனையில் இப்போது 19,200 சதுர அடி. மனை வளரவில்லை, கட்டும் உரிமை 4,800 சதுர அடி வளர்ந்துவிட்டது. பழைய கட்டடங்கள் பலவற்றில் அந்த ஒன்றரையைக்கூட முழுதாகக் கட்டியிருக்க மாட்டார்கள். நிறுவனங்கள் படியேறி வருவது இந்த இடைவெளிக்காக.

இன்னொரு மாற்றமும் நடந்தது. முன்பெல்லாம் ஓர் உரிமையாளர் மறுத்தால்கூட இடித்துக் கட்டும் பேச்சு அப்படியே நின்றுவிடும். 2022இல் நிறைவேறி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். பன்னிரண்டு வீடுள்ள கட்டடத்தில் எட்டுப் பேர் சரி என்றால் போதும். ஆகவே இன்று பழைய ஃப்ளாட் வாங்குகிறவர், அந்தக் கட்டடத்தின் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே வாங்குகிறார். வீட்டைப் பார்க்கப் போன அன்றே சங்கத்துச் செயலாளரைப் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் இடிப்பு பற்றிப் பேச்சு வந்ததா, ஏதாவது நிறுவனத்தோடு கையெழுத்து ஆகியிருக்கிறதா, பராமரிப்புப் பணம் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். விற்பவர் சொல்லாததை மாடிவீட்டு அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

பத்திரத்தில் எல்லாரும் வீட்டின் சதுர அடியைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது யு.டி.எஸ்., அதாவது பிரிபடாத மனைப் பங்கு. நாளைக்குக் கட்டடத்தை இடித்தால் மிஞ்சுவது அதுதான். தாய்ப்பத்திரத்தில் மொத்த மனை எவ்வளவு என்று பாருங்கள். எல்லா வீட்டுக்காரர்களின் பங்கையும் கூட்டினால் அந்த மனைக்குச் சரியாக வருகிறதா என்று பாருங்கள். கூட்டுத்தொகை மனையைவிட அதிகமாக வந்தால், யாருக்கோ இல்லாத நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வராத விஷயங்கள் உண்டு. இறந்துபோன அப்பா பெயரில் வீடு இருந்தால், வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறார்களா? மொட்டைமாடியில் பின்னால் எழுப்பிய ஒற்றை அறைக்குத் திட்ட அனுமதி இருக்கிறதா? அப்ரூவல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால், பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இனி பணம். குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். அதாவது 48 லட்சம். 12 லட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் அது 5 லட்சத்து 40 ஆயிரம். அதையும் வங்கி கடனில் சேர்க்காது. ஆக, வீட்டுக்குள் ஓர் ஆணி அடிப்பதற்கு முன்பே 17 லட்சத்து 40 ஆயிரம் ரொக்கமாக வேண்டும். புது ஃப்ளாட்டை நிறுவனத்திடம் முதன்முதலாக வாங்குகிறவருக்கு 2023 டிசம்பர் முதல் முத்திரைத்தீர்வையில் சலுகை உண்டு. 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம். பழையதை வாங்குகிறவருக்கு முழு 7 சதவீதம். வசதி குறைந்தவர்தான் பழைய வீட்டைத் தேடிப் போகிறார், தீர்வையும் அவருக்குத்தான் கூடுதல். இது சரியல்ல, அரசு இதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டியதும் வாங்குபவர் பொறுப்பே. பலருக்கு இது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

வட்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. வீட்டுக்கடன் வட்டிக்கு அடிப்படையான ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதத்தில் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம், 2025இல் படிப்படியாக 5.25 வரை இறங்கியது. 48 லட்சம் கடனுக்கு 20 வருடத் தவணை, 6.5 சதவீத வட்டியில் மாதம் 35,800 ரூபாய்க்கு அருகில் வரும். அதுவே 9 சதவீதமானால் 43,200ஐ ஒட்டி நிற்கும். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டும் வங்கிகளும் உண்டு. வட்டி குறைந்திருக்கும் காலத்துத் தவணையை மட்டும் வைத்து வீட்டு பட்ஜெட் போடாதீர்கள். கட்டடத்துக்கு வயதாகிவிட்டால், இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று பொறியாளர் சான்று கேட்டு, அதற்கேற்பக் கடன் காலத்தை வங்கியே குறைத்துவிடுவதும் நடக்கிறது. காலம் குறைந்தால் தவணை கூடும்.

சரி, பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்துவிட்டது. உடனே மனசு போவது மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ் பக்கம். சாவி வாங்கிய கையோடு பெயிண்ட் கடைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மூன்றில்தான் பணம் முதலில் போக வேண்டும். கம்பி, குழாய், ஒயர்.

கம்பி என்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி. கடல் காற்று வீசும் ஊர் இது. கட்டிய காலத்தில் உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருப்பார்கள், கம்பிக்கு மேல் விட்ட கான்கிரீட் கனமும் குறைவாக இருக்கும். மேலே ஒழுகும் குளியலறை இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈரமும் உப்பும் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதற்கு உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டை நெம்பி வெளியே தள்ளுகிறது. பால்கனி அடியிலும் சன்ஷேடிலும் குளியலறைக் கூரையிலும் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதை நாம் பார்ப்பது அப்போதுதான். ஒரு சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடத்தில் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் வெறும் சிமெண்டைக் குழைத்து அப்பிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிறவர் வேலை செய்யவில்லை, நோயை மூடி வைத்துவிட்டுப் போகிறார். விட்டுப்போன காரையை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைத் துருவில்லாமல் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். நல்ல மேஸ்திரிக்கு இது தெரியும். தெரியாதவர் கூலி குறைவாகக் கேட்பார். கட்டடம் முழுக்க இப்படி இருக்கிறது என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். அதற்கான செலவைச் சங்கம் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தூணும் உத்திரமும் எல்லாருக்கும் பொது.

அந்தக் காலத்து ஜி.ஐ. குழாய்கள் உள்ளுக்குள் துரு அடைத்து, விரல் அளவு வழி ஊசி அளவாகக்கூட மிஞ்சாமல் போயிருக்கும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அவற்றை மாற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் இரண்டு செலவு. 1980களில் ஒயரிங் செய்தபோது விளக்கு, மின்விசிறி, ஒரு கிரைண்டர், இவ்வளவுதான் கணக்கு. இன்று அதே ஒயரில் ஏசியும் கீசரும் இண்டக்ஷன் அடுப்பும் ஓடுகின்றன. ஏசிக்குத் தனி ஒயர், ஒழுங்கான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவை இல்லாமல் குடிபோக வேண்டாம்.

ஹாலைப் பெரிதாக்கச் சுவரை எடுக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பழைய வீட்டுவசதி வாரியக் கட்டடங்கள் பலவற்றில் தூண்களே கிடையாது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் மேலே உள்ள இரண்டு மாடியையும் தாங்குகிறது. உங்கள் வீட்டுச் சுவரை எடுத்தால், மேல்வீட்டில் உறங்கும் குழந்தையின் தரையை எடுக்கிறீர்கள். இன்ஜினியர் எழுத்தில் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது.

மாடி வீட்டுக்காரர் குளியலறை கசிந்து உங்கள் கூரையில் ஓதம் ஏறினால், வேலை நடக்க வேண்டியது அவர் வீட்டில். இதில் சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்களைவிட, நேரில் போய் உட்கார்ந்து, “செலவில் பாதி நாங்கள் தருகிறோம் மாமி, வேலையை நல்ல ஆளை வைத்துச் செய்வோம்” என்று பேசி முடித்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். மொட்டைமாடி வேலையை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் எந்தப் பூச்சும் காயாது. வீடு வாங்கும் முன் பார்க்கப் போவதாக இருந்தால், அதற்கு அந்த ஐப்பசி கார்த்திகைதான் சரியான நேரம். தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்பதும் அப்போது தெரியும். தார் மேல் தார் போட்டுச் சாலைகள் உயர்ந்துவிட்டதால், பல தரைத்தள வீடுகள் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன.

கடைசியாக, என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கட்டடங்களில் இப்போது ஒரு பதில் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. “எப்படியும் இடிக்கத்தானே போறாங்க, இப்ப எதுக்குச் செலவு பண்ணணும்?” பேச்சுவார்த்தை ஒரு வருடம், கையெழுத்து ஒரு வருடம், அனுமதி ஒரு வருடம் என்று காலம் ஓடும். அதுவரை யாரும் எதையும் பழுதுபார்ப்பதில்லை. உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார், ஒழுகும் கூரைக்கு அடியில் வாடகைக்காரர் குடும்பம் படுத்திருக்கும். 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்தது. 1990களில் கட்டியதுதான். விரிசலைப் பார்த்ததும் குடியிருந்தவர்கள் வெளியே ஓடிவந்துவிட்டதால் உயிர்கள் தப்பின. இடிக்கப்போகிற கட்டடத்தில் இத்தாலிய மார்பிள் போட வேண்டாம், மரவேலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். ஆனால் கம்பி, மின்சாரம், படிக்கட்டு, கைப்பிடிச்சுவர், மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இடித்துக் கட்டுவது என்றே முடிவானால், ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை வேறு. புது வீடு தயாராகும் வரை தரும் மாத வாடகை, வேலை தாமதமானாலும் நிற்காமல் வருமா? இடம்பெயரும் செலவு யாருடையது? புதிதாக எத்தனை வீடு சேர்கிறது, அதனால் நம் மனைப் பங்கு எவ்வளவு குறைகிறது? திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகிறதா? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, சாவி கொடுத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சங்கத்தில் பென்ஷனை நம்பி இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு லிப்ட் வரும் என்ற ஆசையும் இருக்கும், மூன்று வருடம் எங்கே போய் இருப்பது என்ற பயமும் இருக்கும். புதிதாக வாங்கிக்கொண்டு வருகிற இளையவர்கள் அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துக் கேளுங்கள்.