ஜனனப் பதிவும் ஞானஸ்நானப் பதிவும்

(பூவிருந்தவல்லியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தார் பலர், தம் முன்னோரின் பிறப்புச் சான்று வேண்டி அலுவலகந்தோறும் அலைந்து, "பதிவில் இல்லை" என்னும் ஒரு சொல்லோடு திரும்புகின்றனர். அச்சொல்லைக் கேட்ட அளவில் தேடுதலை விட்டொழித்தல் தகாது என்பதே இன்று யாம் கூறவந்தது.

பதிவு இன்மைக்குக் காரணம் உண்டு. 1886ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவர்க்கும் இடந்தந்ததாயினும், அது விரும்பினோர் மட்டும் செய்துகொள்ளும் பதிவேயாம். 1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் பின்னும் கிராமங்கள் யாவும் ஒருங்கே கட்டாயப் பதிவுக்குள் வந்தில. நாடு முழுமைக்கும் உரிய சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. அன்றியும், பழைய ஜனன ஏடுகளில் பெற்றோர் பெயரும் பிறந்த நாளும் ஆணோ பெண்ணோ என்பதும் இருப்பினும், குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. பெயரிடப்படாத மகவுக்குக் கிராம முனிசீப்பு எப்பெயரை எழுதுவார்?

திருச்சபையின் வழக்கம் வேறு. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பங்குச் சாமியார் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டுமெனத் திரெந்து சங்கம் 1563இல் விதித்தது. ஞானஸ்நானத்தின்போதே பெயரிடுவராதலின், அரசாங்க ஏட்டில் இல்லாத பெயர் கோயில் ஏட்டில் உண்டு.

ஆயின் அதனைத் தேடும் முறை அறிதல் வேண்டும். யாம் எம் பாட்டனாரைச் 'சின்னப்பன்' என்று அவர் தந்தையாரின் ஊர்க் கோயிலில் மும்முறை தேடிக் காணாது வருந்தினோம். தலைப்பிரசவம் தாய்வீட்டிலன்றோ? அதனை நினைந்து அவர் தாயாரின் பிறந்தகத்துக் கோயிலுக்குச் சென்றோம். அங்கே இலத்தீன் ஏட்டில் அவர் 'பவுலுஸ்' என்றிருந்தார்! இராயப்பன் பேத்ருஸ் ஆகவும், அருளப்பன் யோவான்னேஸ் ஆகவும், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ் ஆகவும் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

அவர் எம் பாட்டனார்தாம் என்று எங்ஙனம் துணிந்தோம்? விவாகச் செய்தியை ஞானஸ்நான ஏட்டிலும் குறித்தல் வேண்டும் என்னும் விதி 1908 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஏட்டின் ஓரத்தில் எம் பாட்டியாரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பள்ளியில் எழுதிய வயதோடு மூன்றாண்டு வேறுபாடும் காணப்பட்டது. அவற்றினும் மேலாக, எம் இல்லத்தில் ஒருவரும் அறியாதிருந்த பாட்டனாரின் தாயார் பெயர் அங்கே இருந்தது. அதனைப் படித்தபோது எம் கண்கள் கலங்கின.

இன்னுமொன்று. போர்த்துகீசியப் புரவலுரிமையில் வளர்ந்த மயிலை மறைமாவட்டமும் சென்னை மறைமாவட்டமும் 1952இல்தான் ஒன்றாயின. ஆதலின் ஒரு கோயிலில் இல்லையெனின் அருகிலுள்ள மற்றொரு கோயிலிலும் வினவுக. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பணிசெய்ய வந்து குடியேறியோர், தம் சொந்த ஊர்க் கோயிலிலேயே தேடுதல் வேண்டும்.

அன்பர்களே! இல்லத்து முதியோரிடம் அவர்தம் தாயாரின் ஊர், விவாகம் நடந்த கோயில், ஞானத்தாய் ஞானத்தந்தையர் பெயர் ஆகியவற்றை இன்றிரவே கேட்டெழுதுங்கள். ஏடு இன்னும் சில்லாண்டு காத்திருக்கும், முதியோர் காத்திரார்.