கீழடிப் பானையும் இருதய நூலும்

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



நம் வருஷநாட்டு மலையில் பிறக்கிற வைகை, கீழடி வழியாகவும் போகிறது. அங்கே தோண்டியெடுத்த, கி.மு. 6-ம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சிக்காரர்கள் 2020-ல் எழுதினார்கள். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். அந்தக் குழாயின் பருமன் அதற்கும் குறைவு.

உடனே சிலர், "பார்த்தீர்களா, நம் முன்னோருக்கு நானோ விஞ்ஞானம் தெரியும்" என்று மார்தட்டுகிறார்கள். புஷ்பக விமானத்தைக் காட்டி ஆகாயக் கப்பலுக்குப் பாத்தியதை கேட்கிறவர் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பானை செய்தவருக்கு மண்ணும் நெருப்பும் தெரியும். ஏதோ பச்சிலைச் சாறு பூசிச் சுட்டிருக்கலாம் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் ஊகம். குழாயைப் பார்க்க அவரிடம் கருவி ஏது? தெரியாதது அவருக்குக் குறைவல்ல. அந்தப் பூச்சு 2,500 வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறதே, அது அவர் கைத்திறமை! பானை வனைகிறவனைக் கீழ்ஜாதி என்று சொல்லி வந்தவர்கள், இன்று பானையை மட்டும் பெருமைக்கு இழுப்பது என்ன யோக்கியம்?

குழாயை உலகம் கவனித்தது 1991-ல், ஜப்பானில் இஜிமா என்பவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிய பிறகுதான். இப்போது அதை நூலாக்குகிறார்கள். வெறும் தண்ணீரில் போட்டால் குழாய்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் கரைசலில் பிரிந்து நிற்கும். அதை ஊசித் துவாரத்தின் வழியாக, இடியாப்பம் பிழிவதுபோல், வேறொரு திரவத்துக்குள் விட்டால் இழையாக உறைகிறது. மின்சாரமும் கடத்தும், உலோகக் கம்பிபோல் விறைத்தும் நிற்காது. ஆண்டிபட்டி நெசவாளத் தோழர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

எதற்கு இது? இருதயம் துடிப்பது மின்சாரக் குறிப்பால். மாரடைப்பில் தழும்பு விழுந்த இடத்தில் அந்தக் குறிப்பு தடைப்படுகிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தார், தழும்புக்கு இருபுறமும் தனி நானோ குழாய் நூலை ஆட்டு இருதயத்தில் தைத்தார்கள். குறிப்பு கடந்து போயிற்று. 2019-ல் வெளியிட்டார்கள். வலிப்பும் மூளையின் மின்சாரக் கோளாறுதான். நாமோ வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். முனி அடித்தது என்று பூசாரியைத் தேடுகிறோம்!

கீழடி பெயரைச் சொல்லி நாளைக்கு எவனாவது நானோ லேகியம் விற்க வந்தாலும் வருவான். அவனிடம் சொல்லுங்கள்: நீளமான, விறைத்த சில ரகக் குழாய்கள் எலியின் உடம்பில் கல்நார் போலவே கெடுதல் செய்ததாக 2008-லேயே சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் டாக்டர்கள் இந்த நூலை மனிதர் இருதயத்தில் தைக்க இன்னும் அவசரப்படவில்லை.