மருந்து இலவசம், மற்றச் செலவுக்கு யார் பொறுப்பு?

(தாம்பரத்தில் நம் அறக்கட்டளை நடத்திய மருத்துவ உதவிக் கலந்தாய்வில் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களுக்கு எப்படி உதவலாம் என்று பேசச் சொன்னீர்கள். நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

மின்சார ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கிறோம். ஒரு காசநோய் மருத்துவமனையால் அந்த நிலையத்துக்கு வந்த பெயர் அது. டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928-இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் சிகிச்சை.

பிறகு மருந்து வந்தது. ஆனால் அத்தனை நோயாளிகளுக்கும் படுக்கைக்கு எங்கே போவது? 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் இதற்கு விடை தேடியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் உண்டு. வீட்டிலோ நெரிசலும் வறுமையும். இருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றதால் உடனிருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு பல நாடுகளின் காசநோய்க் கொள்கையை மாற்றியது.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. மருந்தை விடாமல் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம். அப்படியானால் அந்த வீடு ஆறு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். மற்ற நோய்களுக்கும் வசதிகள் உண்டு. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும்.

இவ்வளவும் இருந்து ஏன் நம்மிடம் மனு வருகிறது? ஆட்டோ ஓட்டுபவர் படுத்துவிட்டால் அன்றைய வருமானம் நின்றுவிடும். பல்லாவரம் தோல் பட்டறைத் தொழிலாளிக்கும் பிரியாணிக் கடை ஊழியருக்கும் அதே கதிதான். வீட்டு வாடகை நிற்காது. துணைக்கு வரும் மனைவியின் தையல் வேலையும் கெடும். இதற்கெல்லாம் அரசு மருந்துச் சீட்டில் இடமில்லை. இரண்டாம் மாதம் இருமல் குறைந்ததும் நோயாளி வேலைக்குப் போய்விடுகிறார், மாத்திரையை விட்டுவிடுகிறார். நோய் திரும்பும்போது பழைய மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம்.

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். ஒரு தனியார் மருத்துவமனை பில்லுக்காக ஜும்ஆவில் வசூல் செய்து 3 லட்சம் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அதே தொகையில், மாதம் 3,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு 16 குடும்பங்களைத் தாங்கலாம். பில்லுக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிருக்குப் போராடுபவரிடம் கணக்குப் பேச முடியாது. ஆனால் காப்பீட்டு அட்டை இருந்திருந்தால் அந்தப் பில்லில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். ஜகாத்தை எதற்குக் கொடுக்கலாம் என்பதை ஆலிம்கள் சொல்வார்கள். நான் மருத்துவக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள நம் குடும்பங்களுக்கு, நோய் வருமுன்பே காப்பீட்டு அட்டை வாங்கித் தருவோம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்க நம் இளைஞர்கள் நான்கு பேர் போதும்.

இரண்டு, காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு, சிகிச்சை முடியும்வரை மாதந்தோறும் மளிகையும் பயணச் செலவும் கொடுப்போம். மாத்திரை சாப்பிட்டாரா என்று விசாரிக்க ஒருவரை நியமிப்போம். நோன்பு மாதத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டே நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

மூன்று, பெயரை வெளியிடாதீர்கள். பெண்ணுக்கு வரன் தடைபடும் என்று பயந்து நோயை மறைக்கும் வீடுகள் உண்டு. நம் உதவி பெறுவோர் பட்டியல் பள்ளிவாசல் பலகையில் ஏறினால், அடுத்த நோயாளி நம்மிடம் வரமாட்டார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், இருமல் மருந்து வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தச் செய்தியை ஒவ்வொருவரும் தம் தெருவில் பத்து வீடுகளுக்காவது சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் முதல் நூறு குடும்பங்களின் காப்பீட்டு விவரத்தை எடுத்து முடிப்போம், இன்ஷா அல்லாஹ். மனுக்களைப் பார்ப்பதற்கு வாரம் ஒரு நாள் நானும் வந்து உட்காருகிறேன்.