தூக்கிய பல்லும் தோண்டிய பல்லும்

(நீடாமங்கலத்தில் பேசியது)



பன்றி அவதாரம் கோரைப்பல்லால் பூமியைத் தூக்கியதாகப் புராணம் சொல்லுகிறது. அந்தப் பல் எங்கே என்று நாம் கேட்டால் நாஸ்திகன் என்கிறார்கள்.

வங்காளத்து ராணிகஞ்சு நிலக்கரிப் பிரதேசத்துப் பாறைகளில் மெய்யாகவே இரு கோரைப்பல்லுள்ள மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. அப்பிராணிக்கு லிஸ்ட்ரோசாரஸ் என்று பெயர். ஆமைக்குள்ளது போன்ற அலகு, தின்றது செடிகொடி, பாலூட்டி இனத்துக்குத் தூரத்துப் பங்காளி, வாழ்ந்தது சுமார் 25 கோடி வருஷங்களுக்கு முன்.

அதன் எலும்புகள் தென்னாப்பிரிக்காவிலும், 1969-ல் அண்டார்ட்டிக்காவிலும் அகப்பட்டன. தரைப்பிராணி சமுத்திரத்தை நீந்தியா கடந்தது? அந்நிலங்களெல்லாம் அன்று ஒன்றாயிருந்தன என்பதற்கு இது சாட்சி.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதையும் நம்பவேண்டாம். எந்த ஜாதியானும் அந்த எலும்பைத் தொடலாம், அளக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் நரகமில்லை. கேட்கவிடாத பல் பெரிதா, காட்டுகிற பல் பெரிதா? யோசித்துப் பாருங்கள்.