கண்ணுக்கும் பேட்ச் நம்பர் கேளுங்கள்

வாசகர் வட்டத்துத் தோழர்களே, ஏ ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, பி ஷிப்டுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களே (பேரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்!), பின்வரிசையில் நிற்கும் என் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணனுக்குச் சங்க காலக் காதல் கொடுத்தார்கள். தங்கச்சிக்கு வீரம் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு கண் ஊசியும் கிருமியும்! பரவாயில்லை. காதலும் வீரமும் இல்லாமல் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பிழைத்துக்கொள்ளலாம். கண் தெரியவில்லை என்றால் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விட மாட்டான்.

சர்க்கரை நோயாளிகள் இந்தியாவில் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. நீங்கள் டீயில் போடும் சர்க்கரையைப் பார்த்தால் அதில் பாதிப் பேர் இந்தப் பந்தலில்தான் இருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். சுகர் ஏறினால் விழித்திரையின் ரத்தக் குழாய் கசியும், பார்வை மங்கும். கசிவை நிறுத்தக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். அதில் பெயர்போன ஒரு மருந்து அவாஸ்டின். 2004-இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கி வந்த மருந்து. அடுத்த வருஷமே கண் டாக்டர்கள் எடுத்துப் பார்த்தார்கள், ஏழைக்குக் கட்டுபடியாகும் விலையில் பார்வை கிடைத்தது.

ஆபத்து எங்கே? ஒரு குப்பியில் 4 மில்லி. ஒரு கண்ணுக்கு வேண்டியது 0.05 மில்லி. வகுத்துப் பாருங்கள், 80 பேருக்கு வரும்! கெடாமல் காக்கும் வேதிப்பொருள் அதில் கிடையாது. பிரிக்கிற இடத்தில் ஒரு கை அழுக்காக இருந்தால் போதும், வரிசையில் இருக்கிற அத்தனை கண்ணுக்குள்ளும் கிருமி குடியேறிவிடும்.

என் மாமாவைக் கூட்டிக்கொண்டு ஊசி போடப் போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் பரம்பரையே அப்படி. படுத்துக்கொண்டே டாக்டரிடம் ஊர்க்கதை பேசுகிறார், டாக்டரும் சிரிக்கிறார். ஒரு சிஸ்டர், நாலரை அடிகூட இருக்க மாட்டார், "ஐயா வாயை மூடுங்க. சார், நீங்களும்தான்" என்றார். டாக்டரையே! ஏன் தெரியுமா? நம் வாயில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் ஊசிக்குப் பிறகு கண்ணைக் கெடுக்கும் பெரிய வில்லன்களில் ஒன்று. பேசினால் எச்சில் துளி தெறிக்கும், ஊசி முனையில் உட்காரும், உள்ளே போகும். வாயை வைத்துப் பிழைக்கிற நான் சொல்கிறேன், வாய் பொல்லாதது!

வாய் என்றதும் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். பேர் வேண்டாம். கண் முகாம் நடத்துவார். பேனரில் கண்ணைத் தேடினேன், காணோம். பேனர் முழுக்க அவர் மூஞ்சிதான்! "இன்று இத்தனை பேருக்குச் சிகிச்சை" என்று மைக்கில் முழங்குவார். ஐயா, எண்ணிக்கை கிடக்கட்டும், மூன்றாம் நாள் எத்தனை பேரைத் திரும்பிப் பார்த்தீர்கள்? 2008-இல் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் இலவச முகாம். கண்புரை ஆபரேஷன். பார்வை போனவர்கள் 66 பேர்! சிபிஐ வரை போனது. அந்த 66 பேரும் நம் அப்பன், ஆத்தாள் மாதிரி, இலவசம் என்று நம்பி வேன் ஏறினவர்கள். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூஞ்சியைச் சின்னதாகப் போடுங்கள், கையை நன்றாகக் கழுவுங்கள் என்கிறேன்!

துண்டுச் சீட்டு வருகிறது. தலைவர் ஐயா, இன்னும் ஐந்து நிமிஷம்.

கண் என்றால் இன்னொரு கதையும் உண்டு. இந்த ஸ்ரீபெரும்புதூர் உடையவர் ராமானுஜர் பிறந்த மண். அவருடைய சீடர் கூரத்தாழ்வான், காஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற கூரத்துக்காரர். குருவைப் பிடிக்கச் சோழன் ஆள் அனுப்பியபோது காவி உடையைத் தான் உடுத்திக்கொண்டு குருவுக்குப் பதிலாகச் சபைக்குப் போனார். கண்ணை இழந்து திரும்பினார். காட்டிக்கொடுத்தவன் நாலூரான், ஆழ்வானுடைய சொந்தச் சீடன். பிறகு காஞ்சி வரதனிடம் கண்ணைக் கேள் என்று குரு சொல்ல, ஆழ்வான் என்ன கேட்டாராம்? "நாலூரானுக்கும் மோட்சம் கொடு!" கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் தோழர்களே, அவர் ஆழ்வான். நாம் ஈஎஸ்ஐ கார்டு வைத்திருக்கிறவர்கள். மன்னித்தது அவர் பெருமை, கணக்குக் கேட்பது நம் கடமை!

என்ன கணக்கு? 2016 ஜனவரி, அகமதாபாத். அவாஸ்டின் போட்டுக்கொண்ட 15 பேர் போலக் கண் பாதிக்கப்பட்டார்கள். டெல்லியில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் என்ன செய்தார்கள்? கண்ணுக்கு இந்த மருந்தே கூடாது என்று எச்சரிக்கை விட்டார்கள். விழித்திரை டாக்டர்கள் கொதித்தார்கள், மார்ச்சில் வாபஸ். எலி நுழைந்தால் பொந்தை அடைக்க வேண்டும், வீட்டையா கொளுத்துவது? விலை உயர்ந்த ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நிறுத்தினால் குருடாவது நம்மாள்தான்! 2023-இல் பாகிஸ்தான் பஞ்சாபிலும் பிரித்து விற்ற அவாஸ்டின் பலர் கண்ணைக் கெடுத்தது.

அடுத்த நாடு எதற்கு? ஒரகடத்தில் வண்டி எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடலாம், திருப்போரூர் பக்கம். அங்கே குளோபல் பார்மா ஹெல்த்கேர் செய்த ‘எஸ்ரிகேர்’ கண் சொட்டு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் கிருமி பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர். 14 பேருக்குப் பார்வை போனது. நாலு பேருக்குக் கண்ணையே எடுத்தார்கள். நாலு பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் சரக்கைத் திரும்ப அழைத்தார்கள். நம் அதிகாரிகள் மாதிரியைச் சோதித்துக் கிருமி இல்லை என்றார்கள். அமெரிக்க அதிகாரிகள் ஆலைக்கே வந்து 11 குறை எழுதினார்கள். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. லேபிளில் விவரம் இருந்ததால்தானே அமெரிக்காவின் மூலையில் இருந்த பாட்டில் திருப்போரூர் வரை தடம் காட்டியது?

நீங்கள் பெயின்ட் ஷாப்பில் நுழையும்போது காற்றடித்துத் தூசி தட்டுகிறார்கள், சென்ட் போட்டால் உள்ளே விட மாட்டார்கள். ஒரு கார் பானெட்டுக்கு இத்தனை மரியாதை! போல்ட்டுக்கு பேட்ச் நம்பர் இருக்கிறது. உன் கண்ணுக்குள் போன மருந்தின் நம்பர் உன் சீட்டில் இருக்கிறதா?

அந்த சிஸ்டரை விட மனசில்லை. அன்றைக்கே இன்னொன்றும் செய்தார். ஒரு குப்பியைக் கையில் எடுத்தார், பார்த்தார், "திறந்த நேரம் எழுதலை. இதை நான் எடுக்க மாட்டேன்" என்று தள்ளி வைத்தார். வேறு குப்பி வர ஒரு மணி நேரம். வெளியே அத்தனை பேரும் திட்டுகிறோம், மாமாதான் அதிகம். அவர் அசையவில்லை. லைனில் கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து நிறுத்து என்று உங்களுக்கு டிரெயினிங் கொடுக்கிறார்களே, அதை யாரும் சொல்லாமல் செய்தவர்! ஐடி கார்டு திரும்பிக் கிடந்தது, பேர்கூடத் தெரியாது. தட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள்!

போதும். பயந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒன்றில் தொற்று வரும். டாக்டர் சட்டையைப் பிடிக்காதீர்கள். ஊசிக்கு முன்னால் கண்ணில் பீட்டாடின் விட்டாச்சா, குப்பி எப்போது திறந்தது, நம்பர் சீட்டில் ஏறியாச்சா, ராத்திரியில் வலித்தால் யாருக்குப் போன் பண்ணணும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ வலி கூடும், கண் சிவக்கும், பார்வை மங்கும். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணிலிருந்து நீர் எடுத்துச் சோதித்து, ஆன்டிபயாடிக்கைக் கண்ணுக்குள்ளேயே போடுவார்கள். தாமதித்தால் பார்வை போய்விடும்.

ஓட விடுகிறார்களா? அதுதான் என் வயிற்றெரிச்சல்! ஒரு நாள் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. கான்ட்ராக்ட் தொழிலாளி வலியோடு சம்பள தேதி வரை பல்லைக் கடிக்கிறான். ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா வருகிறது, வரட்டும், வரவேற்கிறேன். கருவி செய்கிற கைக்குச் சொந்தக்காரன் கண் வலி என்று ஓடினால் போனஸில் கை வைக்காதே! இதுதான் இந்த மேடையின் தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். ஹெச்ஆருக்கு வேண்டியவர்கள் யாராவது வந்திருந்தால், எத்தனை கை என்று நன்றாக எண்ணிக்கொண்டு போங்கள்.