அன்றாடக் கணக்கும் எழுத்துக் கணக்கும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் உழைத்தனர். கணக்குப் பிறர் கையில் இருந்தது. நெல்லை அளந்த மரக்காலும், நிலத்தை அளந்த கோலும், கடனை எழுதிய ஏடும் நம்முடையவை அல்ல. சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்தோம். அந்நிலை மாறவே இச்சங்கம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது.

வகுப்பறையில் நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. கூட்டல், பெருக்கலில் தேர்ந்த மாணவரும், கணக்கு வாக்கியமாக வந்தால் கலங்குகின்றனர். இதற்கு வழி எளிது. கணக்கை இருமுறை படிக்க வேண்டும். தெரிந்தவற்றைக் குறித்துக்கொண்டு, தெரியாததற்கு ஓர் எழுத்தைப் பெயராக இட வேண்டும். அளவுகளை ஒரே அலகுக்குக் கொணர்ந்து சமன்பாடு அமைக்க வேண்டும். கிடைத்த விடையை மீண்டும் கணக்கில் இட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ஒருவர் 3 சென்ட் செவ்வக மனை வாங்குகிறார். அகலம் 30 அடி. நீளம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 3 சென்ட் 1,306.8 சதுர அடி. நீளத்தை ‘ந’ என்போம். 30ந = 1,306.8; ஆகவே ந = 43.56 அடி, அதாவது நாற்பத்து மூன்றரை அடிக்குச் சற்று மேல். கல் நட்ட இடத்தில் 40 அடியே இருந்தால் 106.8 சதுர அடி குறைகிறது. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் பரப்பு அதனுள் அடங்குமே! பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். இதனையும் நினைவில் கொள்க.

நம் மாணவி ஒருத்தியின் தாய், நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி எனப் பேசி, 10,000 ரூபாய் கடன் பெற்றிருந்தார். 20 மாதம் சென்றபின் வட்டி மட்டும் 9,000 ரூபாய் என்றனர். அம்மாணவி வட்டி வீதத்தை ‘வ’ எனக் கொண்டாள். பதினாயிரத்துக்கு மாதம் 100வ; 20 மாதத்துக்கு 2,000வ. 2,000வ = 9,000 எனின், வ = 4.5. பேசியதோ 3, கேட்டதோ நாலரை! முறையான வட்டி 6,000 ரூபாயே. தாளில் எழுதிப் பணிவுடன் நீட்டினாள். கடன் கொடுத்தவர் நெடுநேரம் பார்த்துவிட்டு 3,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

அண்ணல் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் நூல் வெளியிட்டார். நாட்டின் நாணயத்தையே ஆராய்ந்தவர் வழிவந்த நாம், வீட்டுக் கணக்கைப் பிறரிடம் விடலாமா?

இளைஞர்களே! வாரம் ஒரு மாலை, நம் தெருப் பெரியோரின் பட்டாவையும் கடன் சீட்டையும் கூலிக் கணக்கையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், போட்டுச் சரிபாருங்கள். ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். நீங்கள் பெற்ற கல்வியின் பயன் அங்கே தொடங்கட்டும்.